கல் நடக்கும் இடத்தில் பெட்டி எதற்கு?

புதையல் என்றால் யாருக்குத்தான் ஆசை இராது? கிழவர் முதல் குழந்தை வரை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அந்த ஆசையை வைத்தே அமெரிக்காவில் ஒரு விளையாட்டு பிறந்தது. இன்று அது பல நாடுகளில் பரவிவிட்டது. அதன் பெயர் "ஜியோகேச்சிங்". நம் பேச்சில் சொன்னால், புதையல் வேட்டை!

பிறந்த கதை

வானத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. பூமியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவற்றின் உதவியால் அறியலாம். இதுதான் "ஜி.பி.எஸ்.".

முதலில், பொது மக்களுக்கு இது துல்லியமாக இடத்தைக் காட்டாதபடி அமெரிக்க அரசாங்கம் செய்திருந்தது. 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடை நீங்கியது. உடனே, மே 3-ந் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்தார். அது இருக்கும் இடத்தின் குறியை இன்டர்நெட்டில் வெளியிட்டார். தேடி வருபவர் வாளியில் இருந்து ஒரு பொருளை எடுக்கலாம். பதிலுக்கு ஒரு பொருளை வைக்க வேண்டும்.

நல்ல விளையாட்டு! குடும்பத்தோடு ஆடலாம். பிள்ளைகள் திசையும் தூரமும் கற்பார்கள். ஆனால் எல்லா இடத்திலும் பெட்டி வைக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து.

கல் நடக்குமா?

கலிபோர்னியா மாநிலத்தில் "டெத் வேலி" என்ற பாலைவனம் இருக்கிறது. "மரணப் பள்ளத்தாக்கு" என்று பொருள். அங்கே "ரேஸ்டிராக்" என்று ஒரு வறண்ட ஏரி. நீளம் சுமார் 3 மைல். தரை பலகை போல மட்டமாக இருக்கும்.

அந்தத் தரையில் கற்கள் கிடக்கின்றன. பல கற்களுக்குப் பின்னால் நீண்ட தடம் தெரிகிறது. யாரோ இழுத்துப் போனது போல! இழுத்தவர் யார்? பல ஆண்டுகள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

விடை கிடைத்தது 2013-ம் ஆண்டு டிசம்பரில். ரிச்சர்டு நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் ஆகியோர் கல் நகர்வதை நேரில் கண்டார்கள். குளிர் காலத்தில் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிறது. இரவில் அது மெல்லிய பனிக்கட்டி ஆகிறது. வெயில் ஏறியதும் பனிக்கட்டி பாளம் பாளமாக உடைகிறது. லேசான காற்று பாளத்தைத் தள்ள, பாளம் கல்லைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

இந்த ஆராய்ச்சிக்காகக் கற்களில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தினார்கள். அங்கே கிடந்த கற்களைத் தொட அனுமதி இல்லை. வெளியில் இருந்து கல் கொண்டு வந்தார்கள். விஞ்ஞானிகளுக்கே இப்படி என்றால், விளையாட வருபவருக்கு எப்படி?

பாதை எப்படி?

ஊபிஹீபி எரிமலைக் குழியில் இருந்து 27 மைல் மண் பாதை. கூரிய கற்கள் டயரைக் கிழித்துவிடும். செல்போன் வேலை செய்யாது.

2009-ம் ஆண்டு ஆகஸ்டில், இதே டெத் வேலியில் ஒரு தாயும் 6 வயது மகனும் வழிகாட்டும் கருவியை நம்பிச் சென்றார்கள். கார் மணலில் புதைந்தது. 5 நாள் தவித்தார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை இறந்துவிட்டான்.

கருவி இடத்தைச் சொல்லும். அங்கே குடிக்கத் தண்ணீர் உண்டா என்று சொல்லுமா?

பாழாவது எப்படி?

ஒரு பெட்டி இருந்தால் ஒருவர் வருவார். பிறகு நூறு பேர் வருவார்கள். கல்லைப் புரட்டுவார்கள். கல் இடம் மாறினால் தடத்தின் கதை அழிந்தது. ஈரத் தரையில் பதிந்த கால் தடமே பல ஆண்டு நிற்கும். 2016-ம் ஆண்டில் யாரோ ஏரிக்குள் கார் ஓட்டினார்கள். சுமார் 10 மைல் நீளத்துக்கு டயர் தடம்!

பெட்டி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன சுவை என்று கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. 2004-ம் ஆண்டில் அமெரிக்கப் புவியியல் சங்கம் "எர்த்கேச்" என்ற முறையைத் தொடங்கியது. இதில் பெட்டி கிடையாது. குறித்த இடத்துக்குப் போக வேண்டும். நிலத்தைப் பார்த்து, கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

பெட்டியில் கிடைக்கும் பொம்மை நாலு நாளில் உடைந்துவிடும். "கல் ஏன் நகர்ந்தது?" என்று தானே பார்த்து அறிந்த பிள்ளை அதை ஆயுள் முழுதும் மறக்காது.

ஆகவே, போகிறவர்கள் தண்ணீர் கொண்டு போங்கள். மாற்று டயர் கொண்டு போங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காரைப் பாதையிலேயே நிறுத்துங்கள். தரை ஈரமாக இருந்தால் இறங்காதீர்கள்.

பெட்டி மட்டும் வேண்டாம். அடுத்து வரும் குழந்தைக்கும் அந்தக் கல் அங்கேயே இருக்கட்டும்!