நொதி வந்தா தீட்டு போயிடுமா?

ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தோல் பதனிடுதலில் நொதிகள் பற்றிப் பேச்சு. பேசியவர் படித்தவர், நல்ல மனுசர்தான். நொதி வந்துவிட்டது, இனி நாத்தம் இருக்காது, நாத்தம் போனால் தோல் வேலை மீதான இழிவும் தானாகப் போய்விடும் என்றார். கை தட்டினாங்க. எனக்குக் கை எழும்பல. நாத்தத்தாலதான் சாதி வந்துச்சுன்னு இவருக்கு யார் சொன்னது? தோலைத் தொட்டதால் எங்களை ஒதுக்கவில்லை அய்யா. ஒதுக்கி வச்சவங்க தலையிலதான் செத்த மாட்டைக் கட்டினாங்க.

எனக்கு மதுராந்தகத்துக்குப் பக்கத்துச் சேரி. தாத்தா மாடு உரிச்சவர். சுண்ணாம்பு கிடைக்காத நேரத்தில் எருக்கம்பாலைத் தடவி வச்சு மயிர் கழிப்பாராம். ஆயா சொல்லும். ஆவாரம்பட்டையில ஊறப்போட்டு, கவலை ஏத்தத்துக்குத் தோல் தைச்சுக் கொடுப்பார். அந்தத் தோல் ஊர்க் கிணத்துக்குள்ள இறங்கும், தண்ணியோட ஏறும். தைச்சவன் இறங்கக் கூடாது. இதுல நாத்தம் எங்கே வந்தது?

எருக்கம்பாலில் இருப்பது புரதத்தை அறுக்கும் நொதி. மயிர்க்காலைப் பிடித்திருக்கும் புரதத்தை இளக்கிவிட்டால் மயிர் முழுசாகக் கழன்று வரும். இன்றைக்கு ஆய்வகத்தில் நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் புரோட்டியேஸ் செய்வதும் அதைத்தான். தோலாளிகள் எருக்கம்பாலை மயிர் கழிக்கப் பயன்படுத்தியது வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகளிலேயே இருக்கிறது. தாத்தா செய்தால் ஈனத் தொழில், கோட்டு போட்டவர் செய்தால் உயிர்த் தொழில்நுட்பம்.

வெள்ளைக்காரன் மட்டும் என்ன? சுண்ணாம்பில் கிடந்த தோலை மெதுவாக்க நாய்ப்பீயையும் புறாப்பீயையும் வெந்நீரில் கரைத்துத் தோலை ஊறப்போட்டான். லண்டன் தெருக்களில் நாய்ப்பீ பொறுக்கி விற்றே பிழைத்த ஏழைகள் உண்டு. அதில் வேலை செய்வது நொதிதான் என்று தெரிந்த பிறகு, 1907-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் கணைய நொதியைப் பொடியாக்கி விற்கத் தொடங்கினார். நாய்ப்பீ போச்சு. நூறு வருசத்துக்கு மேல நொதி இருந்தும் இங்கே தீட்டு மட்டும் ஏன் போகல?

நைனா உரிக்கிற வேலையை விட்டுட்டு பல்லாவரம் பக்கம் ஒரு தோல் ஷாப்புக்குப் போனார். பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பேரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. சுண்ணாம்புக் குழியில் நைனாவுக்கு வேலை. சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேரும். அது மயிரைக் கழற்றாது, எரிச்சுக் கூழாக்கிவிடும். நைனாவுக்கு விரல் நகம் பத்தும் தின்னுபோச்சு. சனிக்கிழமை ராத்திரி வந்தா ஆயாதான் சோறு பிசைஞ்சு ஊட்டும், மிளகாய்க் காரம் பட்டா கை எரியும்னு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து நிப்பானாம். "இன்னாத்துக்குடா அழுவுற, எனக்கு ரெண்டு சீட்டு கிடைச்சுது"ன்னு சிரிப்பார்.

அந்தச் சல்பைடு இன்னொரு வேலையும் செய்யும். கழிவுத் தொட்டியில் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. முதலில் அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாத்தம் தெரியாது, ஆள் விழுந்துடுவான். ஆகவே நாத்தம் போனால் எல்லாம் சரி என்று எங்களிடம் சொல்லாதீர்கள். நாத்தம் நின்ற இடத்தில்தான் எங்காளு செத்திருக்கான்.

நொதி வேண்டாம் என்கிறேனா? வேணும். நாளைக்கில்ல, இன்னிக்கே வேணும். சல்பைடு குறைந்தால் ஒரு நைனாவின் நகம் மிஞ்சும். சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல வருசமாக இதில் உழைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நொதிக்குச் சூடும் நேரமும் கணக்காக இருக்கணும், மிஞ்சினால் தோலே கெட்டுப்போகும். சுண்ணாம்பும் சல்பைடும் மலிவு. அதனால் அவை இன்னும் ஒழியவில்லை. தோல் பதமாச்சான்னு பார்க்க இன்னிக்கும் கட்டைவிரலை அழுத்துகிறார்கள், ரேகை பதிஞ்சு நின்னா பதம். அந்த விரல் யாருடையது? அந்த விரலுக்கு என்ன சம்பளம்?

பாலாத்துக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, கெடுத்தவனே கட்டணும் என்று. நல்ல தீர்ப்பு. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆத்தைக் காப்பாத்தக் கட்டின தொட்டி ஆளைக் கொன்னுச்சு. சுத்தத் தொழில்நுட்பம் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தச் சேறு ஞாபகம் வருது.

நொதித் தூளும் சாதுவானதில்லை. சலவைத் தூளில் நொதி சேர்த்த ஆலைகளில், அதைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு ஆஸ்துமா வந்ததை இங்கிலாந்தில் 1969-லேயே எழுதிவிட்டார்கள். தூளாக இல்லாமல் குருணையாகவோ திரவமாகவோ தரலாம், முகமூடி தரலாம். தெரியாத விசயமில்லை.

கருத்தரங்கு முடிவில் எழுந்து கேட்டேன்: "அய்யா, மூட்டையைப் பிரிச்சு டிரம்முல அந்தத் தூளைக் கொட்டுறது யாரு? அவருக்கு மூக்குக்கு என்ன கட்டிக் கொடுக்குறீங்க? அவர் எந்த ஊரு, எந்தத் தெரு?"

அவர் மைக்கைப் பார்த்தார். அமைப்பாளர் ஓடிவந்து, டீ ஆறிப்போகுதுன்னு சொல்லிக் கூட்டத்தை முடிச்சுட்டார்.