பரண் மேலே நாலு பெட்டி

டெல்லிக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. சர்க்கார் உத்தியோகம், ரிடயர்மென்ட், துவாரகாவில் ஒரு ஃபிளாட். போன மாதம் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. புது லென்ஸ் தந்த உற்சாகத்தில் பரண் மேலிருந்த நாலு புத்தகப் பெட்டிகளை இறக்கினேன். வீட்டுக்காரம்மா தும்மிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, நமக்கப்புறம் இதையெல்லாம் யாரு படிக்கப்போறாங்க?"

பதில் இல்லை. பையன் தமிழ் பேசுவான். படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். பெங்களூரில் இருக்கும் பேத்திக்கு அதுவும் இல்லை. இதற்கு டெல்லியைக் குறை சொல்ல முடியாது. தமிழ்க் கல்விக் கழகம் இங்கே ஏழு பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. அதில் ஒன்று ராமகிருஷ்ணபுரத்தில், எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரம். இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று வேறு பள்ளியில் சேர்த்தது நான்தான். (அதற்கு ஒரு பரிந்துரைக் கடிதத்துக்கு வேறு அலைந்தேன்!)

மூன்று வருஷம் முன்பு நண்பர் ஒருவர் காலமானார். முப்பது வருஷமாகச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்கள். எது நல்லது, எது சுமார் என்று பிரிக்க வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. கபாடிவாலா தராசில் போட்டு எடுத்துப் போனான். பிள்ளைகள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அதனால்தான் சொல்கிறேன்: கண் தெரியும்போதே, யாருக்கு எது என்று நாமே பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் விடக்கூடாது.

எப்படி அனுப்புவது? ஐந்து கிலோ புத்தகத்தை 80 ரூபாயில் கொண்டுபோன பதிவு புக் போஸ்டை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அந்த வருத்தச் செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆனால் 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' வந்ததை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய் என்று தொடங்கினார்கள். தரை வழியாகத்தான் போகும், நாளாகும். ஆகட்டுமே, எனக்கென்ன அவசரம்? நானே ரயிலில் கொண்டுபோகலாம் என்றால், 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் 40 சதவீதச் சலுகையை எடுத்தவர்கள் திருப்பித் தந்தபாடில்லை. கொரோனாவுக்கு எடுத்தது, கொரோனா போயும் வரவில்லை. இதை நான் மன்னிப்பதாயில்லை.

இரண்டரைப் பெட்டி இப்போது ஊரில் நண்பர் நடத்தும் படிப்பகத்தில் இருக்கிறது. முக்கால் பெட்டி இங்கேயே தமிழ் படிக்கிற வீடுகளுக்குப் போயிற்று.

மிச்சம், அம்மா பைண்ட் செய்த தொடர்கதைகள். வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்தது. நடுவில் பற்பொடி விளம்பரம், ஓரத்தில் அம்மா எழுதிய பால் கணக்கு. விளம்பரம் உள்ளதற்கும் பதிப்பாளர் பெயர் இல்லாததற்கும் ஞான் போஸ்டில் இடமில்லை. நியாயமான விதிதான். இருந்தாலும், தபால் கட்டணம் ஒரு சாக்கு என்பது எனக்கே தெரியும்.

போன ஞாயிறு வீடியோ காலில் பேத்திக்கு அதிலிருந்து முதல் அத்தியாயம் வாசித்தேன். பாதியில், "தாத்தா, ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. நான் அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். இந்த ஞாயிறு இரண்டாவது.