காலுக்கும் காது உண்டு

மேல்நாட்டுச் சங்கீதத்தில் நல்ல ஞானமுள்ள நண்பர் ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஹெர்பி மான் 1961-ல் நியூயார்க் 'வில்லேஜ் கேட்'டில் வாசித்த இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. புல்லாங்குழலுக்கு அடியில் தோல்வாத்தியங்கள் பேசிக்கொண்டிருந்தன. சற்று நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நன்றாகத்தான் இருக்கிறது, ஸார். ஆனால் இது ஆடுகிறவர்களுக்கான சரக்கு. ஜாஸ் என்றால் உட்கார்ந்து கேட்கிற சங்கீதம். லத்தீன் ஜாஸ் அதன் மேல் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி."

வந்த விருந்தாளியோடு சண்டை போடக்கூடாது என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. கிரீனிச் வில்லேஜில் ப்ளீக்கர் தெருவும் தாம்ப்ஸன் தெருவும் கூடும் முனையில் இருப்பது, ஏழை ஆண்கள் இரவுக்குச் சில காசு கொடுத்துத் தங்குவதற்காக 1890-களில் கட்டின பெரிய விடுதி. அதன் நிலவறையில் ஆர்ட் டிலுகாஃப் என்பவர் 1958-ல் வில்லேஜ் கேட்டைத் திறந்தார். 1970-களின் பிற்பகுதி தொடங்கி, திங்கட்கிழமை இரவுகளில் அங்கே ஒரு வழக்கம் நடந்தது. டிட்டோ புவெந்தே, எட்டி பல்மியேரி போன்றவர்களின் லத்தீன் வாத்தியக் குழு மேடையில் இருக்கும். அதன் நடுவில் ஒரு ஜாஸ் வித்வானை விருந்தாளியாக நிறுத்துவார்கள். சிலர் உட்கார்ந்து கேட்டார்கள்; சிலர் எழுந்து ஆடினார்கள். நான் அந்தப் படிகளில் இறங்கினவனல்ல. இசைத்தட்டுகளின் வழியாகத்தான் அந்த உலகம் எனக்குப் பழக்கம். ஆனாலும் கேட்கிறேன்: இந்த இருவரில் யார் ரசிகர், யார் ரசிகரல்ல? தீர்ப்புச் சொல்ல நண்பருக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1739-ல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கலகத்துக்குக் கிளம்பினார்கள். மறு வருஷமே அங்கே அடிமைகள் முரசு வைத்துக்கொள்வது சட்ட விரோதமாயிற்று. நியூயார்க் நகரமும் 1926-ல் ஒரு சட்டம் போட்டது. லைசென்ஸ் இல்லாத விடுதியில் ஆடக்கூடாது. பிற்பாடு அதில் ஒரு சலுகை வந்தது: மூன்று பேர் வரை வாசிக்கலாம், ஆனால் பியானோ, கிதார் போன்றவை மட்டும். முரசும் கூடாது, எக்காளமும் கூடாது! 1980-களில் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் இந்த அபத்தம் ஒழிந்தது. ஆட்டத்துக்கு இருந்த தடை 2017 வரை நீடித்தது. தந்தியும் கட்டையும் கௌரவம், தோலும் காலும் அநாகரிகம் என்ற எண்ணம் சங்கீத ஞானத்தில் பிறந்ததல்ல, ஐயா. அது போலீஸ்காரர் புத்தியில் பிறந்தது. நண்பர் அதைத் தம்முடைய ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மிளகாய்ப்பொடி விஷயத்துக்கு வருவோம். மரியோ பௌஸா என்ற கியூபாக்காரர் ஹார்லெமில் கறுப்பர்களின் பெரிய குழுக்களில் எக்காளம் வாசித்துத் தேறினவர். தம் மைத்துனர் மச்சீட்டோவின் குழுவில் அந்த ஜாஸ் ஞானத்தையும் கியூபத் தாளத்தையும் ஒன்றாகப் பிணைத்தார். அவர்தான் டிஸ்ஸி கில்லெஸ்பிக்கு சானோ போஸோவை அறிமுகப்படுத்தினவர். 1947-ல் போஸோ கொங்கா முரசோடு கார்னகி ஹால் மேடை ஏறினார். அதே வருஷம் 'மன்டேக்கா' பதிவாயிற்று. அந்த உருப்படியின் அடித்தளம் போஸோவுடையது. அதை எடுத்துவிட்டால் வீடே இல்லை. அஸ்திவாரத்தைப் பார்த்து அலங்காரம் என்று யாராவது சொல்வார்களா?

இந்தச் சங்கீதத்துக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதும் தவறு. 'கிளாவே' என்று ஐந்து அடிகள் உண்டு. ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதற்கு அடங்கித்தான் வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் தடம் மாறினால், ஆடுகிறவன் கால் உடனே கண்டுபிடித்துவிடும். நாற்காலியில் இருப்பவர் கண்டுபிடிப்பாரா என்பது சந்தேகம்.

நண்பர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஏதோ ஒரு பாட்டை எடுத்து, பக்கத்தில் ஒரு கொங்காக்காரரை உட்காரவைத்து, 'லத்தீன் ஜாஸ்' என்று விற்கிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். அது மிளகாய்ப்பொடியேதான். போலியைத் திட்டட்டும், நானும் சேர்ந்து திட்டுகிறேன். போலியைக் காட்டி அசலைத் தள்ளுவதுதான் அநியாயம்.

அந்த அநியாயம் பெரிய இடத்திலும் நடந்தது. கிராமி பரிசுக்காரர்கள் 2011-ல் பரிசுப் பிரிவுகளை 109-லிருந்து 78-ஆகக் குறைத்தபோது லத்தீன் ஜாஸ் பிரிவையும் வெட்டினார்கள். கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. கூடி எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். மறு வருஷம் அந்தப் பிரிவு திரும்பி வந்தது. மிளகாய்ப்பொடிக்காக யாரும் கோர்ட் ஏறுவதில்லை.

வில்லேஜ் கேட் 1994-ல் மூடப்பட்டது. அதே நிலவறையில் 2008-ல் வேறு பெயரில் ஒரு சங்கீத அரங்கு வந்தது. இடத்துக்குப் பெயர் மாறலாம். அங்கே ஜனங்கள் எழுந்து ஆட இடம் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கடைசியாக ஒன்று. நண்பர் அன்று என் வீட்டு நாற்காலியில் இருந்தபடி மிளகாய்ப்பொடி என்று சொன்னாரே, அப்போது அவருடைய வலது கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் தப்பவில்லை. அவருடைய அபிப்பிராயத்தைவிட அந்தக் காலின் அபிப்பிராயத்தையே நான் மதிக்கிறேன்.