கணக்கு அவர் பெயரில் மட்டும்தானா?

கணவரோடு மஸ்கட்டில் வசிக்கும் இல்லத்தரசி நான். இங்கே பல வீடுகளில், ஊரில் சேர்க்கும் பணம் எந்த பாங்க்கில் இருக்கிறது என்றே மனைவிக்குத் தெரியாது. கேட்டால், 'அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்!'

வெளிநாட்டு வேலைக்கு வந்தபின், ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அதன் வட்டியில் பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள். இங்கிருந்து அனுப்பும் சம்பளத்தை என்.ஆர்.இ. கணக்கில் போட்டால், வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. இரண்டிலுமே மனைவி பெயரையும் சேர்க்கலாம்.

அவருக்கு ஒன்று என்றால் அல்லாடப்போவது நாம்தானே? மளிகைக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதும் நமக்கு இது பெரிய வித்தையா? அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, முதலில் பாங்க்குக்குப் போங்கள் தோழிகளே!

- ஒரு வாசகி, மஸ்கட்.