அண்ணன் மீது வழக்கு: தம்பி போலீசில் சேரலாமா?

பொழுது விடியும் முன்பே பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வாலிபர்கள் ஓடிக்கொண்டு இருப்பார்கள். போலீஸ் வேலைக்குத் தயார் செய்கிறார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும்.

பரீட்சையில் தேறி, ஓட்டத்திலும் ஜெயித்து விடலாம். ஆனால், படிவத்தைக் கையில் எடுத்ததும் சில வீடுகளில் எல்லோர் முகமும் வாடி விடுகிறது.

"அண்ணன் மேலே கேஸ் இருக்கிறதே! அதை எழுதுவதா, வேண்டாமா?"

அண்ணன் யாரையோ அடித்தான். அப்பா வரப்புச் சண்டையில் மாட்டினார். மாமா ஜெயிலுக்குப் போய் வந்தார். இதற்குத் தம்பி என்ன செய்வான்?

ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறது சட்டம். பிறந்த வம்சத்தை மட்டும் காரணம் காட்டி யாருக்கும் அரசாங்க வேலையை மறுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. ஆந்திராவில் கிராம முன்சீப் வேலை வாரிசுப்படி போய்க்கொண்டு இருந்தது. அது செல்லாது என்று 1960-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அப்பாவின் பதவியைக் காட்டி வேலை கேட்க முடியாது என்றால், அப்பாவின் குற்றத்தைக் காட்டி வேலையை மறுப்பது மட்டும் நியாயமா?

வெள்ளைக்காரன் காலத்தில் அப்படித்தான் நடந்தது. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தைக்கே முத்திரை குத்தியது. அந்தச் சட்டம் இந்தியா முழுவதும் ஒழிந்தது 1952-ல்தான்.

கேட்டதற்குப் பதில்

அப்படியானால் படிவத்தில் என்ன எழுதுவது? கேள்வியை இரண்டு முறை படியுங்கள். "உங்கள் மீது வழக்கு உண்டா?" என்று கேட்டால் உங்களைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். குடும்பத்தாரைப் பற்றியும் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள்.

2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். குறிப்பாகக் கேட்டதைச் சொல்லாவிட்டால்தான் அது மறைத்த குற்றம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்பது இல்லை. அதிகாரிகள் ஆராய்ந்து முடிவு செய்வார்கள். ஆனால், மறைத்தவன் வேலையில் சேர்ந்த பிறகும் வெளியே போக நேரிடும்.

இங்கிலாந்தில் போலீசில் சேருகிறவர்களிடம் உறவினர் பற்றியும் விசாரிக்கிறார்கள். உறவினர் குற்றவாளி என்பதற்காக மட்டும் அங்கே கதவைச் சாத்தி விடுவது இல்லை.

பொறி எங்கே இருக்கிறது?

உண்மையான ஆபத்து அண்ணன் மீதுள்ள வழக்கு அல்ல. அண்ணன் வழக்கில் தம்பியின் பெயரும் ஏறிவிடுவதுதான்!

கிராமத்தில் அடிதடி நடந்தால் புகார் எப்படி எழுதுகிறார்கள்? அடித்தவன் ஒருவன். புகாரிலோ அப்பா, அண்ணன், தம்பி, சித்தப்பா எல்லோரும் இருப்பார்கள். எதிரி வீட்டுப் பையன் போலீசில் சேரப் போகிறான் என்று தெரிந்தால் அவன் பெயரை வேண்டும் என்றே சேர்ப்பதும் உண்டு. இந்த அநியாயத்தைப் பஞ்சாயத்துப் பேசுகிற பெரியவர்கள் யாரும் கண்டிப்பது இல்லை.

பிறகு என்ன? ஊர்ப் பெரியவர்கள் கூடி ராஜி செய்வார்கள். புகார் கொடுத்தவர் கோர்ட்டில் பல்டி அடிப்பார். எல்லோரும் விடுதலை! மற்றவர்களுக்கு அதோடு தொல்லை தீர்ந்தது. பையனுக்குத்தான் தீரவில்லை. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பல்டி அடித்ததாலோ விடுதலை ஆனவரையும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதவேண்டும் என்று தமிழ்நாட்டு போலீஸ் விதி சொல்கிறது. 2008-ல் சென்னை ஐகோர்ட்டின் முழு பெஞ்சும் அதை ஏற்றது. கவுரவமான விடுதலை கிடைத்தவர் அடுத்த தேர்வில் கலந்து கொள்ளலாம்.

ஆகவே, வழக்கில் பையன் பெயர் இருந்தால் ராஜிக்கு அவசரப்படாதீர்கள். முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

டெல்லியில் ஒரு வாலிபருக்கு இதே கதிதான். அவர் மீதும் குடும்பத்தார் மீதும் ஒரு அடிதடி வழக்கு. 1998-ல் ராஜியாகி எல்லோரும் விடுதலை ஆனார்கள். மறு ஆண்டு அவர் ஹெட் கான்ஸ்டபிள் வேலைக்கு மனு போட்டபோது அதைக் குறிப்பிடவில்லை. தேர்வு ரத்தாயிற்று. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இளவயதுத் தவறைப் பெரிது பண்ணக்கூடாது என்ற நீதிபதிகள், ரொட்டி திருடிய ழான் வல்ழானின் கதையையும் எடுத்துக்காட்டினார்கள். 'ஏழை படும் பாடு' படம் பார்த்த பெரியவர்களுக்கு அந்தக் கதை தெரியும். தீர்ப்பு நல்லதுதான். ஆனால், மனு போட்டு 12 ஆண்டு ஆகிவிட்டதே!

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையதளத்தில் போடவேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சில ரகசிய வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. வீட்டில் யார் மீதாவது வழக்கு இருந்தால், மனுவை நிரப்பும் முன் அந்த அறிக்கையை வாங்கிப் படியுங்கள். 5-வது எதிரியாகத் தன் பெயர் இருப்பது சிலருக்கு அப்போதுதான் தெரியும்.