சதுர அடிக்கு எவ்ளோங்க?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். போன வாரம் எருமப்பட்டி போயிருந்தேன். (தெரியாதவங்களுக்கு: நாமக்கல்லுல இருந்து துறையூர் போற ரோட்டுல, கொல்லிமலையப் பாத்துக்கிட்டு இருக்கிற பேரூராட்சி.) சித்தப்பா ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்து முன்னாடி வச்சார்.

அவர் லாரி ஓட்டி, அப்புறம் கோழிப்பண்ணையில கணக்கு எழுதி, சேத்த காசுல வீடு கட்டறார். ஊர்ல இல்ல, வேற இடத்துல வாங்கிப் போட்ட மனையில. எந்த இடம்னு சொல்லப் போறதில்ல, ஒரு ஆபீசைத் திட்டறதுக்கு இந்தப் பதிவு இல்ல :)

நோட்டுல சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், கொத்தனார் கூலி எல்லாம் ஒழுங்கா இருக்கு. 'பிளான் அப்ரூவல்'ங்கிற வரி மட்டும் மூணு தடவை அடிச்சு எழுதியிருக்கு. மேஸ்திரி சொன்னது ஒண்ணு, இஞ்சினியர் சொன்னது ஒண்ணு, கடைசியில கட்டினது ஒண்ணு. அந்த வித்தியாசத்துக்காக வரைபடத்துல இருந்து ஒரு ரூம் போயிருச்சு. சித்தி பிளவுஸ் தைக்கறதுக்குன்னு போட்டிருந்த ரூம்.

"ஏண்டா தம்பி, யாருமே படத்தைப் பாக்கறதில்லைங்கறாங்க. அப்புறம் எதுக்குடா சதுர அடிக்கு இவ்ளோ காசு?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதானே?

அவர் போட்டது சுயசான்று முறை. 2024 ஜூலை 22-ல தமிழக அரசு ஆரம்பிச்சது. மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளம் இல்லாட்டி அதுக்கு மேல ஒரு மாடி, இவ்ளோதான்னா ஆன்லைன்ல விண்ணப்பிச்சு பணம் கட்டினா உடனே அனுமதி. யாரும் முன்கூட்டி வந்து பாக்கறதில்ல, முடிவுச் சான்றும் வேண்டாம். பரிசீலனைக் கட்டணம் முழுசா தள்ளுபடி. மீதியெல்லாம் ஒரே மூட்டையா சதுர அடிக்கு இவ்வளவுன்னு வாங்கறாங்க.

நல்ல திட்டம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஒரு கையெழுத்துக்கு மாசக்கணக்கா அலைஞ்சவங்களைக் கேட்டுப் பாருங்க. ஆனா மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு சித்தப்பாவுக்கு யாரும் பிரிச்சுக் காட்டல. அங்கதான் எனக்கு உறுத்துது.

கட்டணத்துக்கும் வரிக்கும் என்ன வித்தியாசம்னு நம்ம மெட்ராஸ் அறநிலையத்துறை போட்ட ஒரு வழக்குலதான் சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லுச்சு. 1954, சிரூர் மடம் வழக்கு. வரின்னா பொதுச் செலவுக்கு, கைம்மாறா எதையும் எதிர்பாக்க முடியாது. கட்டணம்னா ஒரு சேவை செஞ்சதுக்கு வாங்கறது. பின்னாடி 1983-ல, பைசா கணக்குல பொருந்த வேண்டியதில்ல, பொதுவா ஒரு தொடர்பு இருந்தா போதும்னு தளர்த்திட்டாங்க. சரி, தளர்த்தட்டும். அந்தத் தொடர்பாவது கண்ணுக்குத் தெரியணுமா இல்லையா?

இங்க ரேட் எதை வச்சுப் போடறாங்கன்னு பாருங்க. உள்ளாட்சியோட தரத்தை வச்சு. பேரூராட்சியில இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலைன்னு இருக்குல்ல, அந்தத் தரமே அதோட ஆண்டு வருமானத்தை வச்சுத்தான் போடறாங்க. அதாவது எந்த ஊருக்கு வருமானம் ஜாஸ்தியோ அந்த ஊர் இன்னும் ஜாஸ்தி வாங்கலாம். பெரிய ஊர்ல ரோடு, சாக்கடை, தண்ணி செலவு அதிகம்தான், ஒத்துக்கறேன். அப்ப அதை 'ரோட்டுக்கு இவ்வளவு, சாக்கடைக்கு இவ்வளவு'ன்னு ரசீதுல எழுதிட்டுப் போங்களேன். கட்டடத் தொழிலாளர் நல நிதிக்கு 1996 சட்டப்படி கட்டுமானச் செலவுல ஒரு சதவீதம் எடுத்தாங்கல்ல, அது எவ்ளோ நேர்மை! யாருக்குப் போகுதுன்னு பேர்லயே இருந்துச்சு. கட்டறவனுக்கு வலிச்சாலும் புரியும்.

கலிபோர்னியாவுல சட்டமே இருக்கு: பிளான் பாக்கறதுக்கும் பெர்மிட்டுக்கும் வாங்கற கட்டணம், அந்த வேலைக்கு ஆகற நியாயமான செலவைத் தாண்டக் கூடாது. அங்கயும் எல்லாம் சுத்தம்னு சொல்ல வரல. பல ஊர்ல கட்டட மதிப்புல இருந்து பெர்மிட் கட்டணம், அதுல 65 சதவீதம் பிளான் பாக்கன்னு ஒரு வாய்ப்பாடு ரொம்ப நாள் ஓடுச்சு. அது ஏன் 65? 60-ஆ இருந்தா என்ன? ஆனா கேள்வி கேக்கறவனுக்கு கையில ஒரு சட்டமாவது இருக்கு.

அதுக்காக கட்டணமே வேண்டாம்னு சொல்லல. ரொம்பக் கம்மியா வாங்கினா படம் பாக்க ஆள் போட மாட்டாங்க. ஆள் இல்லாட்டி வேற வழியில காசு போகும், உங்களுக்கே தெரியும். படத்தை ஒருத்தர் உக்காந்து பாத்து, மாடிப்படி இங்க வேண்டாம், பக்கத்துல இவ்ளோ இடம் விடுன்னு சொன்னா அதுக்குக் குடுக்கலாம்ங்க, சந்தோஷமா. ஆனா அந்த வேலை 800 சதுர அடியை விட 1,600 சதுர அடிக்கு ரெண்டு மடங்கு ஆகாது. ஒரு அடிப்படைத் தொகை, அதுக்கு மேல கொஞ்சம், அவ்ளோதான் நியாயம்.

சித்தப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப ரூமு திரும்பி வராது"ன்னார். சித்தி உள்ள இருந்து, தையல் மெஷின ஹால்ல ஜன்னலோரமா போட்டுக்கறேன், வெளிச்சமாவது இருக்கும்னாங்க.

உங்க ஊர்ல வீடு கட்டினவங்க ரசீதை எடுத்துப் பாருங்க. அதுல எத்தனை வரி இருக்கு?