துவர்ப்பின் இரகசியம்

பாலின்றி, நெடுநேரம் ஊறிய சாயத் தேநீரைப் பருகியோர் அறிவர்: நா வறண்டு, கன்னத்தின் உட்புறம் சுருங்கினாற்போல் ஆகிவிடும். சிறிது பாலை ஊற்றினால் அத்துவர்ப்பு அடங்கும். தேயிலையிலுள்ள தனின் என்னும் பொருள் பாலின் புரதத்தோடு சேர்ந்துகொள்வதே காரணம். இச்சிறு உண்மையை மனத்திற்கொண்டு, அவுஸ்திரேலியாவின் புகழ்பெற்ற சிவப்பு வைன் ஒன்றின் வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம்.

தென் அவுஸ்திரேலியாவில், அடிலெயிட் நகரை அடுத்த மகில் என்னுமிடத்தில், 1844ஆம் ஆண்டு கிறிஸ்தோபர் பென்ஃபோல்ட் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர் மனைவி மேரியும் திராட்சைத் தோட்டம் அமைத்தனர். அவர்தம் இல்லத்தின் பெயர் கிரேஞ்ச். அங்கு வளர்ந்த வைன் ஆலையின் தலைமை வல்லுநர் மாக்ஸ் ஷூபேர்ட் 1950இல் ஐரோப்பா சென்றார். பிரான்சின் போர்டோ பகுதியில், நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் சுவை குன்றாத வைன்களைக் கண்டு வியந்தார். தம் நாட்டிலும் அத்தகையதொன்றை ஆக்க விரும்பி, 1951இல் ஷிராஸ் என்னும் கருந்திராட்சையைக்கொண்டு முயற்சி தொடங்கினார். இல்லத்தின் பெயரே அவ்வைனுக்கும் பெயராயிற்று.

ஆயின், இளமையில் அது கடுந்துவர்ப்புடையதாயிருந்தது. சுவைத்தோர் முகஞ்சுளித்தனர். 1957இல் நிருவாகம் அதனை நிறுத்துமாறு கட்டளையிட்டது. ஷூபேர்ட் மனந்தளர்ந்தாரல்லர். புதிய ஓக் பீப்பாக்கள் வாங்கவும் பணமின்றி, மூன்றாண்டுகள் மறைவாகவே அதனை ஆக்கிவந்தார். இதற்கிடையே முன்னைய ஆண்டுகளின் வைன் நிலவறையிற் கிடந்து பக்குவமடைந்தது. அதனை மீண்டும் சுவைத்த நிருவாகம் தன் கட்டளையை மாற்றியது. 1960 முதல் வேலை வெளிப்படையாகத் தொடர்ந்தது. 1955ஆம் ஆண்டு வைன் 1962இல் சிட்னிக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

பழித்த துவர்ப்பு எங்கே போயிற்று? திராட்சைத் தோலிலும் விதையிலுமிருந்து வரும் தனின், காலப்போக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாய் அடியிற் படிகின்றது. எஞ்சியது மென்மையடைகின்றது.

உணவுப் பொருத்தமும் இதனையொட்டியதே. இளம் வைனின் தனின், வாட்டிய ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, முதிர்ந்த பாற்கட்டி ஆகியவற்றின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து அடங்குகின்றது. தேநீரிற் பால் செய்யும் பணியை இங்கே இறைச்சி செய்கின்றது. மென்சுவை மீனை அது மூழ்கடித்துவிடும். மிளகாய்க் காரம் மிகுந்த கறியோடு பருகினாலோ, மதுசாரம் எரிவை இன்னும் பெருக்கும். முதிர்ந்த வைனுக்கு மெல்ல வேகவைத்த இறைச்சியும் காளானும் இயைபுடையன.

ஷூபேர்ட் 1994இல் மறைந்தார். அவருடைய வைன் இன்றும் ஆக்கப்படுகின்றது. குறையெனத் தள்ளப்பட்ட துவர்ப்பே அதனை நெடுங்காலம் காத்துநிற்கும் வலிமையுமாகும். மாணவர்களே, பிறர் குறையென்று கூறுவதைக் களைந்தெறியுமுன், அதற்குரிய காலம் வந்துவிட்டதா என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.